பூமியை இரண்டு முறை கழித்தவர்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பூமி என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டு "பூமி மேடம்" என்று மரியாதையாக வேறு அழைப்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். மரியாதை அதற்குக் காரணமில்லை. அந்தப் பட்டப்பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஏன் எழாது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

நட்சத்திர ஆராய்ச்சி என்றால் மலை உச்சி, குளிர், விடிய விடியக் கண்விழிப்பு என்று எல்லோரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்கள் இடம் ஊருக்குள், பேருந்து கடைசியாக நின்று திரும்பும் முனைக்கு எதிரே இருக்கிற மூன்று மாடிக் கட்டடம். தொலைநோக்கி எங்கோ மலைமேல் இருக்கிறது. நான் அதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அக்கா பார்த்ததே இல்லை. அது ராத்திரியில் எடுத்து அனுப்புவதை நாங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து, குடையை மடக்கி வைத்துவிட்டு, இரண்டாம் மாடியில் உட்கார்ந்து பார்ப்போம். ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவோம்.

நாங்கள் தேடுவது வெள்ளைக் குள்ளன்களை. எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம் அது. பூமியின் அளவுதான் இருக்கும், எடையோ சூரியனின் எடையை நெருங்கும். தனியாக இருந்தால் அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஒரு மூலையில் கிடந்து மெல்ல ஆறிக்கொண்டிருக்கும். இரண்டு சேர்ந்து ஒன்றையொன்று சுற்றினால்தான் விஷயம். சுற்றச் சுற்ற நெருங்கிவரும், ஒரு நாள் ஒன்றோடொன்று மோதும். இரண்டின் எடையும் சேர்ந்து சூரியனைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தொட்டால் வெடித்துத் தீர்ந்துவிடலாம். அப்படி வெடிக்கக்கூடிய ஜோடிகளை வெடிப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துப் பட்டியல் போடுவதுதான் எங்கள் பிழைப்பு.

எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஜோடி ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அதனால் அந்த ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கி, அதிலுள்ள கறுப்புக் கோடுகளைப் பார்ப்போம். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் கோடு ஒரு பக்கம் நகரும், விலகிப் போனால் மறுபக்கம் நகரும். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கால் மணி நேரத்துக்கு ஒன்றாக மூன்று படம் எடுப்பார்கள். மூன்றிலும் கோடு இருந்த இடத்திலேயே இருந்தால் அது தனிக்கட்டை. இடம் மாறினால் கூட யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தக் கோட்டைப் பார்ப்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. படித்தது இயற்பியல், ஆனால் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தது ஓர் அச்சகத்தில், மெய்ப்புத் திருத்துபவராக. ஒரு வரியில் ஓர் எழுத்து மயிரிழை இறங்கியிருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடுமாம். அச்சகம் வேறு ஊருக்குப் போனபோது, ஆறு மாதத் தற்காலிக வேலை என்று இங்கே வந்தார். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

அச்சகத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை. எதையும் திரையில் பார்த்து முடிவு செய்ய மாட்டார். எல்லாவற்றையும் தாளில் எடுத்து, காதில் செருகிய பென்சிலை உருவி, அடிக்கோடு போட்டு, தேதி வாரியாகக் கோப்பில் வைப்பார். மின்னஞ்சல், சுற்றறிக்கை, கான்டீன் விடுமுறை அறிவிப்பு உட்பட. அவர் மேசைக்குப் பின்னால் இரண்டு இரும்பு அலமாரி நிறைய இருக்கிறது. எனக்கோ தாளைக் கண்டால் எரிச்சல்.

"ஒரு காட்டையே அழிச்சுட்டீங்கக்கா."

"திரையில இருக்கறது ராத்திரியோட ராத்திரியா மாறிடும் தம்பி. தாள்ல இருக்கறது அப்படியே இருக்கும்."

இதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எங்கள் முனையில் வந்து திரும்புகிற வண்டிதான் அவருடையது. சாயங்காலம் அக்கா ஏறி ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்ததும் மனிதர் கண்ணாடியில் பார்த்து, "என்ன, இன்னைக்காவது ஏதாவது வெடிச்சுதா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்பார் இவர். நானும் அதே வண்டியில்தான் போவேன். ஒரு நாள்கூட அவர் கேட்க மறந்ததில்லை, இவரும் பதில் சொல்லச் சலித்துக்கொண்டதில்லை. எனக்குக் கல்யாணத்தின் மேல் கொஞ்சநஞ்ச மதிப்பு வந்ததே அந்தப் பேருந்தில்தான்.

சரி, பூமிக்கு வருகிறேன்.

நான் கணினி நிரல் எழுதுகிறவன். வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம் ஒரு திருத்தம் செய்தேன். பூமி சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது, நாமும் அதன் மேல் உட்கார்ந்து ஓடுகிறோம். நாம் ஒரு நட்சத்திரத்தை நோக்கி ஓடினால், அது நம்மை நோக்கி வருவதுபோல் கோடு நகரும். அதனால் பூமியின் ஓட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதுவரை அதைக் கையால் கழித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிரலே அதைக் கழித்துவிடும்படி மாற்றினேன். நல்ல காரியம்தான். ஆனால் அதை எல்லோரும் கணினியில் படிக்கும் மாற்றக் குறிப்பில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, திங்கள்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். திங்கள்கிழமை சுத்தமாக மறந்துவிட்டேன்.

மற்றவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஒரே இரவில் எடுத்த மூன்று படங்களோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். முக்கால் மணி நேரத்துக்குள் பூமியின் ஓட்டம் பெரிதாக மாறாது. அக்கா ஒருவர்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஆறு மாதம் முன்பின் எடுத்த படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நிரல் ஒரு தடவை கழித்ததை, தெரியாமல் கையால் இன்னொரு தடவை கழித்தார். அசையாமல் நின்ற ஒரு நட்சத்திரம் ஆடுவதுபோல் தெரிந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கான்டீனில் கேக் வெட்டினார்கள். எங்கள் குழுவின் தலைவர், டாக்டர் என்போம், கடலுக்கு அப்பால் இருக்கிற பெரிய தொலைநோக்கியில் மன்றாடி நான்கு மணி நேரம் வாங்கினார். அங்கே அது நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றது.

செய்தி வந்த அன்று மதியம், அதே கான்டீனில், டாக்டர் அக்காவின் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "ஆடினது நட்சத்திரம் இல்லீங்க, நாமதான். பூமியை ரெண்டு தடவை கழிச்சிருக்கீங்க!" கான்டீன் முழுக்கச் சிரித்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பி, "நிரலே கழிச்சிடுதேப்பா, குறிப்புல போடலையா?" என்றார்.

"போட்டிருக்கேனே சார்," என்றேன் நான்.

வாய் முந்திக்கொண்டது. சொல்லிவிட்டு இரண்டு மாடியையும் ஓட்டமாக ஏறி, அந்த ஒரு வரியை எழுதி, அந்த வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டேன். மூன்று மணிக்கு டாக்டர் திறந்து பார்த்துவிட்டு, "இருக்கே. இவங்க படிக்கலை," என்றார். அன்றிலிருந்து அக்காவுக்குப் பெயர் பூமி. கூடவே ஒரு விதியும் வந்தது. அவர் கண்டுபிடிக்கும் எதுவும் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் இன்னொருவரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா அந்தக் கையெழுத்தை யாரிடமும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மூன்று ஜோடிகளைக் கண்டுபிடித்தார். மூன்றையும் பக்கத்து மேசைக்காரர்களிடம் கொடுத்துவிட்டார், அவை அவர்கள் பெயரில் போயின. கான்டீன் பக்கமும் அவர் அதன் பிறகு போகவில்லை. அதனால் தினமும் நான்கு மணிக்கு நான் கீழே இறங்கி, மூடி போட்ட கப்பில் டீ வாங்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் வைப்பேன். மனதுக்குள் அதைப் பரிகாரம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்காத மாதம் இல்லை, சொன்ன மாதமும் இல்லை. சாதாரணமாக எல்லோர்மீதும் எரிந்து விழுகிறவன் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெட்டிப் பாம்பு.

இந்த வருஷம் எங்கள் திட்டம் முடிகிறது. பெரிய தொலைநோக்கிக்கு அனுப்பும் கடைசிப் பட்டியல், மொத்தம் பத்து இடம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அதை அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பு டீயைக் கொண்டு வைக்கும்போது, அக்கா அவசரமாக ஒரு தாளைக் கோப்பால் மூடினார். நான் பார்த்துவிட்டேன்.

"இது என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. டீயை வெச்சுட்டுப் போ."

"காட்டுங்கக்கா."

ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய மூன்று நிறமாலைத் துண்டுகள். கோடு முதல் துண்டில் ஒரு கரையில் இருந்தது, மூன்றாவதில் மறு கரைக்குப் போய்விட்டது. டீயை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

"எவ்வளவு?"

"நொடிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. அரை மணி நேரத்துல."

"கருவி ஏதாவது நழுவியிருந்தா?"

"அதே நேரத்துல அதே கருவியில எடுத்த எட்டு நட்சத்திரத்தைப் பாத்தாச்சு. எட்டும் அசையாம நிக்குது."

"எப்பக்கா பாத்தீங்க?"

"அஞ்சு மாசம் ஆச்சு."

"அஞ்சு மாசமா இதை உள்ளயே வெச்சிருக்கீங்களா? டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடியும் காதிலேயே செருகினார். "பூமி சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? ரெண்டாவது கையெழுத்துக்கு யார் முன்னாடி போய் நிக்கறது? மத்த மூணையும் தூக்கிக் குடுத்துட்டேன். இதைக் குடுக்க மட்டும் மனசு வரமாட்டேங்குது தம்பி."

அவர் அப்படி ஆசையை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "நான் போடறேன்கா கையெழுத்து," என்றேன்.

அவர் தேவைக்கு அதிகமாகவே என்னை உற்றுப் பார்த்தார். "யோசிச்சுப் போடு," என்றார்.

இரண்டு நாள் நானும் உட்கார்ந்து ஆதியிலிருந்து சரிபார்த்தேன். எள்ளளவும் பிசகில்லை. கையெழுத்தைப் போட்டேன். நிஜத்தைச் சொல்கிறேன், போட்டபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். ஏழு வருஷக் கடனை ஒரு கையெழுத்தில் அடைத்துவிட்டோமே, யாருக்கும் எதுவும் தெரியவும் வேண்டாமே என்று எனக்குள் ஒரு அல்ப சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். ஒன்பது பேர் தங்கள் தாள்களை வைத்தார்கள். கடைசியாக அக்கா எழுந்து மூன்று துண்டுகளையும் மேசையில் விரித்தார். டாக்டர் கெட்டவரில்லை, ஆனால் ஒரு வேடிக்கை கிடைத்தால் விட மாட்டார். ஏழு வருஷமாகக் கேட்பதையே அன்றும் கேட்டார்.

"பூமியைக் கழிச்சாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அவர் கை அந்தத் தாளைத் தன் பக்கம் இழுப்பதை நான் பார்த்தேன்.

"வேண்டாம் டாக்டர். இன்னொரு தடவை பாத்துக்கறேன். இதை எடுத்துடறேன்."

இன்னொரு தடவை பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? ஐம்பது நிமிஷத்தில் பட்டியல் போய்விடும். அவர் தாளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். எழுந்து நின்றேன்.

"சார், ஏழு வருஷத்துக்கு முன்னாடி அந்த வரி குறிப்புல இல்ல."

"எந்த வரி?"

"பூமியை நிரலே கழிக்கும்கற வரி. நான் எழுத மறந்துட்டேன். நீங்க கான்டீன்ல கேட்டப்புறம் மேல ஓடி வந்து எழுதினேன். பழைய தேதியைப் போட்டு எழுதினேன். அக்கா படிக்காம விடல சார். படிக்க அங்க ஒண்ணுமே இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தேதியை மாத்தினியா?"

"ஆமா சார்."

"ஏழு வருஷமா இங்கேயே உக்காந்திருந்தியா?"

"ஆமா சார்."

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. மடித்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கை நீட்டி அந்தத் தாளை வாங்கி, மடிப்பைப் பிரித்து, உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினார். அப்புறம் அதே கேள்வியை, இந்தத் தடவை கேள்வியாகவே கேட்டார்.

"சொல்லுங்க. பூமியைக் கழிச்சாச்சா?"

"கழிச்சாச்சு," என்றார் அக்கா. "ஒரே ஒரு தடவை."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து அந்த நட்சத்திரத்தின் எண்ணைப் பட்டியலின் தலையில், முதல் வரியில் எழுதினார். எதிரே அக்காவின் சொந்தப் பெயரை எழுதினார்.

மதியம் அவர் அறையில் எனக்கு நடந்த பூஜையை இங்கே விவரிக்கப்போவதில்லை. வேலை தப்பியது. ஆனால் இனி நான் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்று உத்தரவானது. யாரிடமாவது போய் நின்று கேட்க வேண்டும். நின்றேன். எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான்கு மணிக்கு டீ வைத்தால் குடிப்பார். காலி கப்பைக் குப்பைக் கூடையில் போடுவார். ஒரு வார்த்தை இல்லை. பேருந்தில் நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். என்னை வெறுக்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒன்றும் உதவவில்லை. நான் அவர் தாள்களைக் கிண்டல் செய்து, அவர் "காட்டைப் பத்திப் பேசாதே போ" என்று ஒரு தடவை விரட்டினால் போதும் என்றிருந்தது.

ஏழு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு டாக்டர் மூன்றாம் மாடியிலிருந்து படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். அக்காவுக்காகத் தாளில் எடுத்திருந்தார்!

"ஜோடிதான்! ஒரு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு சுத்து. தெரியறது சூரியன்ல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி. தெரியாம கூட இருக்கறது அதைவிடக் கனம். சேத்துப் பாத்தா வெடிக்கிற எல்லையைத் தாண்டுது. இன்னும் மூணு கோடி வருஷத்துல மோதும்."

அக்கா தாளை வாங்கினார். பென்சிலால் ஒவ்வொரு எண்ணின் கீழும் கோடு போட்டபடி கடைசி வரி வரை படித்தார். படித்து முடித்து, கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கணவருக்குப் போன் போட்டார். அவர் முனையில் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார் போலிருக்கிறது, அவர் குரல் எனக்கே கேட்டது.

"என்ன, வெடிச்சுதா?"

"வெடிக்கும். மூணு கோடி வருஷம் ஆகும்."

"அப்படின்னா சாயங்காலம் வழக்கமான வண்டியிலயே வந்துடு," என்றார். அவர் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது.

எல்லோரும் கைகொடுத்துவிட்டுப் போன பிறகு, "தம்பி, இங்க வா," என்று கூப்பிட்டார். ஏழு வாரத்தில் முதல் வார்த்தை. எழுந்து ஓடினேன். அவர் இரும்பு அலமாரியைத் திறந்து, தேடாமல், கை போன இடத்திலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். அதிலிருந்து இரண்டு தாளை என் முன்னால் வைத்தார்.

இரண்டும் என் மாற்றக் குறிப்பின் அச்சுப் பிரதி. இரண்டின் அடியிலும் ஒரே தேதி, கான்டீனில் எல்லோரும் சிரித்த நாள். ஒன்றில் காலை பத்தேகால் என்று இருந்தது, இன்னொன்றில் மாலை நான்கு மணி. காலைத் தாளில் அந்த வரி இல்லை. மாலைத் தாளில் இருந்தது. அதன் கீழே பென்சிலால் மெல்லிய அடிக்கோடு.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "தெரியுமாக்கா?"

"பெரிய தொலைநோக்கியில ஒண்ணுமில்லைன்னு காலையில சேதி வந்துச்சே, உடனே உன் குறிப்பைத்தான் எடுத்துப் பாத்தேன். மதியம் நீ 'போட்டிருக்கேன்'னு சொன்னே. நாலு மணிக்கு மறுபடி எடுத்தேன்."

"இதைக் காட்டியிருக்கலாமேக்கா."

"நீ சேர்ந்து ஏழு மாசம். காட்டியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. என் மேலயும் தப்பு இருந்துச்சு. அசையாத நட்சத்திரம் ஒண்ணை வெச்சு சரிபாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், நான் பாக்கல." கோப்பை மூடினார். "நீயா வந்து சொல்லுவேன்னு நினைச்சேன். நாளைக்குச் சொல்லுவான், நாளை மறுநாள் சொல்லுவான்னு. ஏழு வருஷம் ஆக்குவேன்னு நினைக்கல."

"என் மேல கோபமே வரலையா?"

"வராம? ஏழு வருஷமா தினம் உன்னை ரெண்டு மாடி ஏறி இறங்க விட்டேனே, அது எதுக்குன்னு நினைச்சே?"

நான் பரிகாரம் என்று நினைத்துச் செய்ததை, அவர் தண்டனை என்று வசூலித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு அடைத்துக்கொண்டது.

"அப்ப இந்த ஏழு வாரம்?"

"வருஷத்துக்கு ஒரு வாரம்," என்றார். "நேத்தோட முடிஞ்சுது."

மணி நான்கு அடித்தது. பழக்க தோஷத்தில் நான் எழுந்தேன். அக்காவும் எழுந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு முன்னால் படியிறங்கினார். கான்டீன் வாசலில் ஒரு நொடி நின்றார், பிறகு உள்ளே போனார். கான்டீன்காரர் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு கப்பில் ஊற்றி மூடியை எடுத்தார்.

"மூடி வேண்டாங்க," என்றார் அக்கா. "இங்கேயே உக்காந்து குடிக்கறேன்."